வயதேறிய குதிரைக்குத் தலையீற்று: சேர்ப்பதா, விடுவதா?

12 வயதைத் தாண்டியும் ஒருமுறைகூட ஈனாத பெட்டைக் குதிரைகள் நம் பக்கத்தில் நிறையவே இருக்கின்றன. சவாரிப் பள்ளியில் பிள்ளைகளைச் சுமந்தே வயதானவை, கல்யாண ஊர்வலத்தில் சாரட்டு இழுத்தவை, பந்தயத் திடலை விட்டு யாரோ ஒருவரின் தோப்புக்கு வந்து சேர்ந்தவை, ஆசைக்கு வாங்கி வீட்டோடு வளர்ந்துவிட்டவை. வேலை குறையும்போதுதான் உடையவருக்கு அந்த எண்ணம் எழுகிறது: இதன் வயிற்றில் ஒரு குட்டி பார்த்துவிடலாமே!

மருத்துவரிடம் அவர் முதலில் கேட்பது, சினை பிடிக்குமா என்பது. அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. இந்தக் குட்டி எதற்கு என்பது முதல் கேள்வி. 11 மாதம் சுமந்து, ஈன்று, பாலூட்ட இந்த உடம்பு தாங்குமா என்பது இரண்டாவது. இவற்றுக்கெல்லாம் பதில், பொலிக்குதிரைக்காரரிடம் பேசப் போகும் முன்பே உங்கள் கையில் இருக்க வேண்டும். சேர்த்துவிட்டுப் பிறகு யோசித்தால், அந்த யோசனைக்கான விலையைக் கொடுப்பது குதிரைதான்.

வயதை உறுதி செய்யுங்கள்

'ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தையில் வாங்கியது, விற்றவர் 8 வயது என்றார், வாங்கி 5 வருடம் ஆயிற்று, அப்படியானால் இப்போது 13.' பலருடைய கணக்கு இப்படித்தான் இருக்கிறது. முதல் எண்ணே தவறாக இருந்தால் மிச்சக் கணக்கும் தவறு. பிறப்புப் பதிவு உள்ள தரோபிரெட் குதிரைக்கு இந்தச் சிக்கல் இல்லை. மற்றவற்றுக்குப் பல்தான் சாட்சி.

5 வயதில் முன்பற்கள் எல்லாம் நிலைப்பற்களாகிவிடும். அதற்குப் பிறகு பல்லின் மேல்பரப்புத் தேய்மானத்தையும் பற்கள் முன்னோக்கிச் சாய்ந்திருப்பதையும் வைத்துத்தான் கணிக்க வேண்டும். மேல்தாடையின் கடைசி முன்பல்லில், ஈறோரத்தில், சுமார் 10 வயதில் ஒரு பள்ளக்கோடு தெரியத் தொடங்கும். 15-ஐ ஒட்டிப் பல்லின் பாதிவரை இறங்கும். 20-ஐ ஒட்டி முழு நீளத்துக்கும் ஓடும். தீவனத்தையும் மேய்ச்சலையும் பொறுத்து இது முன்பின்னாகும். ஆனாலும் 12 எது, 18 எது என்று பிரித்தறிய உதவும். நம் முடிவுக்கு வேண்டியது அந்த வித்தியாசம்தான்.

'இதுவரை ஈன்றதில்லை' என்பதையும் விசாரித்துப் பாருங்கள். யாரும் சேர்க்காததால் ஈனாத குதிரை வேறு. முந்தைய உடையவர் பலமுறை சேர்த்துப் பார்த்துச் சினை நிற்காமல் சந்தைக்கு ஓட்டிய குதிரை வேறு. விற்கும்போது இரண்டையும் ஒரே பேச்சில்தான் சொல்வார்கள். கருப்பை வாயையும் கருப்பையையும் சோதிக்கும் மருத்துவருக்குப் பல நேரம் இதில் தடயம் கிடைக்கும்.

குட்டி எதற்கு?

'ஒரு குட்டியாவது போட்டால்தான் அதன் பிறவி நிறையும், இல்லாவிட்டால் பாவம்' என்று வயதானவர்கள் சொல்வார்கள். குதிரைமேல் உள்ள பிரியத்தில் வரும் பேச்சு அது. ஆனால் ஈனாததால் குதிரைக்கு நோய் எதுவும் வருவதில்லை, ஏக்கமும் வருவதில்லை. அதற்கு வேண்டியது மேய்ச்சல், துணைக்கு இன்னொரு குதிரை, நடமாட்டம், பல்லையும் குளம்பையும் பார்த்துக்கொள்ளும் ஒரு மனிதர். இவை கிடைக்கும் குதிரைக்கு நீங்கள் எந்தக் குறையும் வைக்கவில்லை.

'குட்டி போட்டால் குணம் அடங்கும்' என்பது அடுத்த நம்பிக்கை. சினைக் காலத்தில் சில குதிரைகள் சாதுவாக இருப்பது உண்மை. பால் மறந்தபின் பழைய குணம் திரும்பிவிடும். பருவத்துக்கு வரும்போதெல்லாம் கடிப்பதும் உதைப்பதுமாக அளவுமீறி நடக்கும் குதிரைக்குச் சினைப்பையை ஸ்கேன் செய்து பாருங்கள். அங்கே கட்டி இருந்தாலும் ஆண் குதிரைபோல நடந்துகொள்ளும். அதற்குச் சிகிச்சை உண்டு. குட்டி அதற்கு மருந்தல்ல.

'இதைப் போலவே இன்னொன்று வேண்டும்' என்பது எல்லாவற்றிலும் வலிமையான ஆசை. குட்டிக்குத் தாயிடமிருந்து வருவது பாதிதான். நிறம், நடை, குணம் எதற்கும் உறுதி சொல்ல முடியாது. காலக் கணக்கையும் பாருங்கள். 15 வயதில் சேர்த்தால் 16-ல் ஈனும். அந்தக் குட்டி சவாரிக்குத் தயாராக இன்னும் 3, 4 வருடம் வேண்டும். அப்போது தாய்க்கு 20 வயது நெருங்கிவிடும். உங்களுக்கும் 5 வயது கூடியிருக்கும். சவாரிக்கு ஒரு குதிரை மட்டுமே வேண்டுமென்றால், நடையையும் குணத்தையும் நேரில் பார்த்து 4 வயதுக் குதிரை ஒன்றை வாங்குவது செலவும் குறைவு, ஆபத்தும் இல்லை.

அப்படியானால் நல்ல காரணம் எது? வயதான குதிரைக்கு இளங்குதிரையிடம் இல்லாத ஒரு பலம் உண்டு. அதன் வாழ்க்கையே அதன் தேர்வுத்தாள். 14 வருடம் கல்லிலும் தாரிலும் நடந்தும் நொண்டாத கால், பிளக்காத குளம்பு, வயிற்றுவலி வராத குடல், மேளச் சத்தத்துக்கும் வெடிக்கும் மிரளாத மனம்: இத்தனையும் நிரூபணமானவை. 4 வயதுப் பெட்டையைச் சேர்ப்பவர் இவற்றையெல்லாம் ஊகித்துத்தான் சேர்க்கிறார். சுத்தமான மார்வாரியோ கத்தியவாரியோ, வம்சம் தெரிந்த, அந்த வம்சத்தில் வேறு பெட்டை மிச்சமில்லாத குதிரை என்றால் காரணம் இன்னும் வலுக்கிறது. இப்படிப்பட்ட குதிரைக்காகத்தான் இனி வரும் பக்கங்களை எழுதுகிறேன்.

சுழி பார்ப்பவர்கள் பார்க்கட்டும். ஆனால் சுழி சுத்தம் என்பதற்காகவோ, வெள்ளை நுக்ராவுக்குச் சந்தையில் விலை உண்டு என்பதற்காகவோ, காலிலும் குணத்திலும் குறையுள்ள குதிரையின் வம்சத்தைப் பெருக்குவது பிறக்கப்போகும் உயிருக்குச் செய்யும் தீங்கு. குதிரை 25 வருடம் வாழக்கூடியது. ஆண் குட்டி பிறந்தால் என்ன செய்வீர்கள், காயடிப்பீர்களா, யார் பழக்குவார், உங்களால் முடியாத காலத்தில் யாரிடம் போகும் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

கருப்பை என்ன சொல்கிறது

ஒருமுறையும் சுமக்காத கருப்பை புதிதாகவே இருக்கும் என்று நினைப்பது இயல்பு. உண்மை அப்படியல்ல. சுமந்தாலும் சுமக்காவிட்டாலும் கருப்பைக்கு வயதாகிறது. அதன் உட்சவ்வில் உள்ள சுரப்பிகளைச் சுற்றி நார்த்திசு படிகிறது, இரத்தக் குழாய்ச் சுவர்கள் தடிக்கின்றன, சில இடங்களில் நீர்க்கட்டிகள் தோன்றுகின்றன. கரு ஒட்டிக்கொண்டு ஊட்டம் பெற வேண்டிய இடம் அந்தச் சவ்வுதான். பெட்டைக் குதிரையின் கருத்தரிக்கும் திறன் 6, 7 வயதை ஒட்டி உச்சத்தில் இருக்கிறது. 13, 15 வயதுக்கு மேல் குறையத் தொடங்கி, 18-க்குப் பிறகு வேகமாகச் சரிகிறது.

வயதேறியும் ஈனாத குதிரைகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பருவத்துக்கு வரும்போது தளர்ந்து திறக்க வேண்டிய கருப்பை வாய், இவற்றில் பல நேரம் இறுகியே நிற்கும். மாடு வளர்த்தவர்களுக்கு இது ஏன் பெரிய விஷயம் என்று உடனே புரியாது. காளை சேரும்போது விந்து கருப்பை வாய்க்கு வெளியேதான் விழும். குதிரையில் அது நேராகக் கருப்பைக்குள்ளேயே போய்ச் சேர்கிறது. விந்தோடு அழுக்கும் நுண்ணுயிரும் போகும். அதை எதிர்த்துக் கருப்பை அழற்சி கொள்ளும், நீர் சுரக்கும், பிறகு சுருங்கிச் சுருங்கி எல்லாவற்றையும் வாய்வழியே வெளியேற்றும். ஆரோக்கியமான குதிரை இதை ஓரிரு நாளில் முடித்துக்கொள்கிறது. வாய் இறுகிய குதிரையிலோ, மடை திறக்காத வயல்போல நீர் உள்ளேயே தேங்குகிறது. கரு, கருக்குழாயிலிருந்து கருப்பைக்கு வந்து இறங்குவது 6-ஆம் நாளை ஒட்டி. அப்போது அங்கே அழற்சி நீர் நின்றால் கரு பிழைக்காது. 'நன்றாகத்தான் சேர்ந்தது, ஏனோ நிற்கவில்லை' என்பார்கள். ஏன் என்பதற்குப் பெரும்பாலும் விடை இதுதான்.

ஆகவே, சேர்ப்பதற்கு முந்தைய பருவத்திலேயே முழுச் சோதனை வேண்டும். முதலில் வெளியிலிருந்து பாருங்கள். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். பின்னால் நின்று வாலைத் தூக்கினால், பிறப்புறுப்பின் இதழ்கள் செங்குத்தாக, இறுக்கமாகப் பொருந்தியிருக்க வேண்டும். வயதாகி மெலிந்த குதிரைகளில் ஆசனவாய் உள்வாங்கி, இதழ்கள் சாய்ந்துவிடும். சாணம் அதன்மேல் வழியும், நடக்கும்போது காற்று உள்ளே போகும் சத்தம்கூடக் கேட்கும். அந்தக் காற்றோடு தொற்றும் போகும். இதற்கு மேல்பகுதி இதழ்களைச் சேர்த்துத் தைக்கும் காஸ்லிக் தையல் என்ற எளிய சிகிச்சை உண்டு. அப்படித் தைத்த குதிரைக்கு ஈனும் நாளுக்கு முன் தையலைத் திறந்துவிட வேண்டும். மறந்தால் குட்டி வரும்போது கிழிந்துவிடும். தைத்த தேதியையும் திறக்க வேண்டிய தேதியையும் லாயத்துச் சுவரிலேயே எழுதிவையுங்கள்.

அடுத்தது ஸ்கேன்: நீர்க்கட்டி, தேங்கிய நீர், சினைப்பையின் நிலை. பிறகு கருப்பையிலிருந்து மாதிரி எடுத்துத் தொற்று இருக்கிறதா என்று பார்த்தல். கடைசியாக, நான் வலியுறுத்துவது, கருப்பைச் சவ்வின் பயாப்ஸி. சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து நான்கு தரமாகப் பிரிப்பார்கள். முதல் தரக் கருப்பை என்றால், நல்ல பராமரிப்பில் முழுமாதக் குட்டி ஈனும் வாய்ப்பு 80 முதல் 90 சதவீதம். இரண்டு-ஏ என்றால் 50 முதல் 80. இரண்டு-பி என்றால் 10 முதல் 50. மூன்றாம் தரம் என்றால் 10-க்கும் கீழ். 15 வயதுக் குதிரையின் உடையவருக்கு இந்த ஒரு விடை, அடுத்த ஒன்றரை வருடத்து அலைச்சலையும் பணத்தையும் தீர்மானித்துவிடும். எல்லா ஊரிலும் இது கிடைக்காது. சென்னை வேப்பேரி, நாமக்கல் போன்ற இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் முன்கூட்டியே பேசி, உங்கள் மருத்துவர் மூலமாக ஏற்பாடு செய்யுங்கள். மூன்றாம் தரம் என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மூலிகை, ஊசி, வேண்டுதல் எதுவும் படிந்த நாரைக் கரைக்காது.

கருப்பை நன்றாக இருந்தாலும் கருமுட்டைக்கு வயதாகியிருக்கும். பெட்டைக் குதிரை தன் முட்டைகள் எல்லாவற்றோடும்தான் பிறக்கிறது. 16 வயதுக் குதிரையின் முட்டைக்கும் 16 வயது. அப்படிப்பட்ட முட்டையில் உருவாகும் கரு, ஸ்கேனில் தெரியும் முன்பே முதல் இரண்டு வாரத்துக்குள் அழிவது இளங்குதிரையைவிட மிக அதிகம்.

இத்தனையும் தெரிந்து சேர்ப்பதென்றால், சேர்க்கும் முறை மாற வேண்டும். பருவம் முழுக்க நாள் விட்டு நாள் சேர்ப்பது நம் வழக்கம். இந்தக் குதிரைக்கு அது கெடுதல், ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு புது அழற்சி. ஸ்கேனில் முட்டை வெடிக்கும் நேரத்தைக் கணித்து, தேவையானால் அதற்கான ஊசி போட்டு, ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு சேர்க்கை. அடுத்த நாள் மறுபடி ஸ்கேன். நீர் நின்றால் கருப்பையைக் கழுவிவிட்டு, சுருங்கி வெளியேற்ற ஆக்ஸிடோசின். அந்த ஒரு வாரம் மருத்துவர் கிட்டத்தட்டத் தினமும் வர வேண்டியிருக்கும். அது முடியாத ஊரில் இருந்தால், குதிரையைச் சிகிச்சை வசதி உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். அதுவும் முடியாதென்றால் சேர்க்காதீர்கள்.

சேர்த்த 14 முதல் 16-ஆம் நாளுக்குள் சினைச் சோதனை செய்ய வேண்டும். இரட்டையைக் கண்டுபிடிக்கவும் அதுவே நேரம். குதிரை வயிற்றில் இரட்டை பெரும்பாலும் கருச்சிதைவில்தான் முடியும், தாய்க்கும் ஆபத்து. அந்த நாட்களில் மருத்துவர் ஒன்றைக் கையால் நசுக்கி மற்றதைக் காப்பாற்ற முடியும். 35 நாளுக்கு மேல் போனால் சினையைத் தாங்கும் ஹார்மோன் திசு உருவாகிவிடும். பிறகு கரு அழிந்தாலும் குதிரை மாதக்கணக்கில் பருவத்துக்கு வராது. 28-ஆம் நாளை ஒட்டி இதயத் துடிப்பையும், பிறகு 45, 60-ஆம் நாட்களில் வளர்ச்சியையும் பாருங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதை முதலிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டில் மூன்று பருவம், அதற்குமேல் இல்லை என்பது நான் சொல்லும் எல்லை. வயதைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 12, 13 வரை சோதனை நன்றாக இருந்தால் தயங்க வேண்டாம். 14 முதல் 17 வரை, வலுவான காரணமும் முதல் இரண்டு தரத்துக்குள் கருப்பையும் இருந்தால் மட்டும். 18-க்கு மேல் தலையீற்றைச் சுமக்க விடாதீர்கள்.

மிச்ச உடம்பு

பிறக்கும் குட்டியின் எடை தாயின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. நஞ்சும் பனிக்குட நீரும் அதற்குமேல். இந்தப் பாரம் கடைசி மூன்று மாதத்தில்தான் வேகமாக ஏறும். ஏற்கனவே மூட்டு வலிக்கு மாத்திரை தின்னும் குதிரையும், ஒருமுறை குளம்பு அழற்சி வந்து தேறிய குதிரையும் இதைத் தாங்காது. வலி மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு மாதம் பாருங்கள். அது இல்லாமல் நிம்மதியாக நடக்க முடியாத குதிரையைச் சினையாக்குவது கொடுமை.

15 வயதுக்கு மேல் பிட்யூட்டரி சுரப்பி நோய் பரவலாக வருகிறது. கோடையிலும் உதிராத நீண்ட முடி, முதுகோரத் தசை கரைதல், அடிக்கடி நீர் குடித்தல் ஆகியவை அறிகுறி. இருந்தால் இரத்தச் சோதனை செய்யுங்கள். கடைவாய்ப் பற்களை மறக்காதீர்கள். மெல்ல முடியாத குதிரை எவ்வளவு கொள்ளு போட்டாலும் இரண்டு உயிருக்குச் சேர்த்துச் சத்து எடுக்காது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், கை வைத்தால் தட்டுப்படும் உடல்வாகு சேர்ப்பதற்கு ஏற்றது. கொழுத்த குதிரையைச் சேர்க்கும் முன் இளைக்க வையுங்கள், சினையான பிறகு அல்ல. தீவன அளவுகள் தனி அத்தியாயத்தில் உள்ளன. இங்கே ஒன்று மட்டும்: குதிரைமசாலும் தாது உப்பும் கடைசி மூன்று மாதத்தில் கட்டாயம்.

பொலிக்குதிரையும் மாதமும்

தலையீற்றுக் குதிரைக்கு முரட்டுப் பொலிக்குதிரை வேண்டாம். வயதான கன்னிக் குதிரை பயந்து உதைக்கும். அதை அவசரப்படுத்தாமல் அணுகப் பழகிய ஆணும், அதைப் பிடிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். உருவத்தைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். இங்கிலாந்தில் வால்டன், ஹேமண்ட் என்ற இருவர், 1938-ல் வெளியிட்ட ஆய்வில், மிகப் பெரிய ஷயர் குதிரையையும் மிகச் சிறிய ஷெட்லாண்டு மட்டக்குதிரையையும் மாற்றி மாற்றிக் கலந்து பார்த்தார்கள். சிறிய தாயின் வயிற்றில் குட்டி சிறிதாகவே பிறந்தது. குட்டியின் பிறப்பு அளவைத் தாயின் கருப்பைதான் பெரிதும் கட்டுப்படுத்துகிறது. அதற்காக மலைபோன்ற ஆணைத் தேட வேண்டியதில்லை. சேரும்போதே உள்காயம் ஏற்படலாம்.

உறைவிந்து இந்தக் குதிரைக்குக் கடைசித் தேர்வாக இருக்கட்டும். அதற்கு அழற்சி அதிகம், வெற்றி குறைவு. எந்த முறையானாலும் இரண்டு குதிரைக்கும் கிளாண்டர்ஸ் சோதனையும் குதிரைத் தொற்று இரத்தசோகைச் சோதனையும் செய்யாமல் ஒரே லாயத்தில் கட்டாதீர்கள். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும். உறுதியானால் சட்டப்படி குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டியிருக்கும். ஈ கடித்துப் பரவும் சர்ரா நோய்க்கும் இரத்தம் பாருங்கள். அது சினையைக் கலைக்கும்.

வட நாடுகளில் பகல் நீளும் வசந்தத்தில்தான் குதிரைகள் பருவத்துக்கு வரும். நம் பக்கம் பகலிரவு வித்தியாசம் குறைவு, தீவனம் நன்றாக இருந்தால் பல குதிரைகள் எல்லா மாதமும் வரும். ஆகவே மாதத்தை நாம் தேர்ந்தெடுக்கலாம். சினைக்காலம் சராசரியாக 340 நாள். 320 முதல் 365 வரை இயல்பு. மாசியில் சேர்த்தால் தை, மாசியில் ஈனும். ஐப்பசிச் சேற்றிலும் கத்திரி வெயிலிலும் குட்டி விழாதபடி கணக்குப் போடுங்கள்.

சுமக்காமலே குட்டி

வம்சம் வேண்டும், உடம்பு தாங்காது என்ற நிலைக்கு ஒரு வழி உண்டு. சேர்த்த குதிரையின் கருவை 7, 8-ஆம் நாளில் கழுவி எடுத்து, இளம் வாடகைத் தாயின் கருப்பையில் வைப்பது. பீகானேரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தின் வளாகத்தில் 2023-ல் இந்த முறையில் மார்வாரிக் குட்டி ஒன்று பிறந்தது. முட்டையின் வயது இங்கேயும் தடைதான், கருப்பை அந்த ஓரிரு நாளாவது கருவை வைத்திருக்க வேண்டும். செலவும் அதிகம். ஆனால் அந்தக் குதிரையோடு முடிந்துபோகும் வம்சம் என்றால் அந்த மையத்தை அணுகிக் கேளுங்கள்.

ஈனும் இரவுக்கு நீங்கள் தயாரா?

பசு ஈனுவதைப் பார்த்த அனுபவம் இங்கே உதவாது, சில நேரம் கெடுக்கும். பசுவுக்கு மணிக்கணக்கில் அவகாசம் உண்டு. குதிரையில் பனிக்குடம் உடைந்த 20, 30 நிமிடத்தில் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். அதற்குமேல் போகும் ஒவ்வொரு நிமிடமும் குட்டியின் உயிர். பெரும்பாலும் நள்ளிரவில்தான் ஈனும். தலையீற்றுக் குதிரையில் மடி இறங்குவதும் காம்பில் மெழுகு கட்டுவதும் தாமதமாகலாம், தெரியாமலே போகலாம். ஆகவே 320-ஆம் நாளிலிருந்து இரவில் யாராவது விழித்திருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத வீட்டில் இந்தக் குதிரை ஈனக் கூடாது.

320-ஆம் நாளுக்கு வெகு முன்பே மடி பெருத்தாலோ, பின்புறம் கசிவு தெரிந்தாலோ அது நல்ல செய்தியல்ல, நஞ்சில் தொற்று ஏறியதன் அடையாளமாக இருக்கலாம். அன்றே மருத்துவர் வர வேண்டும். ஈனுவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பு டெட்டனஸ் தடுப்பூசி போட்டால் அந்த எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியாகக் குட்டிக்குப் போகும்.

ஈனும்போது இரண்டு முன்னங்கால்கள், அவற்றின்மேல் மூக்கு: இந்த வரிசைதான் சரி. ஒரு காலும் மூக்கும் மட்டும் தெரிந்தாலோ, உள்ளங்கால் மேல்நோக்கி வந்தாலோ குதிரையை எழுப்பி நடத்திக்கொண்டே மருத்துவரை அழையுங்கள். வெண்சவ்வுக்குப் பதில் வெல்வெட் போன்ற சிவப்புச் சவ்வு முதலில் வந்தால் நஞ்சு முன்பே பிரிந்துவிட்டது என்று பொருள். மருத்துவருக்காகக் காத்திருக்காமல் அதைக் கிழித்துக் குட்டியை வெளியே இழுக்க வேண்டும். இந்த ஒன்றை வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவமனை எத்தனை மணி நேரத் தூரம், இரவில் வண்டி கிடைக்குமா, தாயா குட்டியா என்ற நிலை வந்தால் எதைக் காப்பாற்றச் சொல்வீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு அந்த இரவில் பதில் தேடக் கூடாது. வயதான குதிரைகளில் ஈனும்போது கருப்பைத் தமனி வெடித்து இறப்பதும் நடக்கிறது. அந்தக் குதிரையை இழப்பதை நினைத்துப் பார்க்கவே உங்களால் முடியவில்லை என்றால், அதைச் சேர்க்காமல் விடுவதற்கு அதுவே போதுமான காரணம். வேறு யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

பிறந்த குட்டி 1 மணி நேரத்தில் எழ வேண்டும், 2 மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், 3 மணி நேரத்துக்குள் நஞ்சு விழ வேண்டும். நஞ்சு தங்கினால் பசுவுக்குப்போல அடுத்த நாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள், குளம்பு அழற்சியில் கொண்டுபோய் விடும். தலையீற்றுத் தாய் கூச்சத்தில் காம்பைத் தொட விடாமல் உதைக்கலாம். ஆள் பிடித்து நிறுத்தி, மடியைத் தடவிப் பழக்குங்கள். 15 வயதுக்கு மேல் சீம்பாலின் தரமும் குறைந்திருக்கலாம். குட்டி நன்றாகக் குடித்தாலும், 18 முதல் 24 மணி நேரத்துக்குள் அதன் இரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராம் இருந்தால் கவலையில்லை. குறைந்தால் பிளாஸ்மா ஏற்ற வேண்டும், ஒரு நாள் கழிந்தபின் சீம்பால் கொடுத்துப் பயனில்லை.

ஈன்ற 5 முதல் 12 நாளுக்குள் தாய் மறுபடி பருவத்துக்கு வரும். பொலிக்குதிரைக்காரர்கள் 'இப்போது சேர்த்தால் உடனே நிற்கும்' என்பார்கள். இளங்குதிரையில் சில நேரம் நிற்கும். இந்தக் குதிரைக்கு அந்தப் பருவத்தை விட்டுவிடுங்கள். கருப்பை சுருங்கிப் பழைய நிலைக்கு வந்திருக்கிறதா, நீர் நிற்கிறதா, ஈனும்போது எங்காவது கிழிந்திருக்கிறதா என்று ஒரு ஸ்கேனும் சோதனையும் செய்து, காஸ்லிக் தையல் திறந்திருந்தால் மறுபடி தைத்துவிடுங்கள். இரண்டாவது குட்டியைப் பற்றிய பேச்சு, முதல் குட்டி பால் மறந்து, தாய் உடம்பு தேறிய பிறகு.